டைனமோவின் நாடி பார்த்தவர்கள்

காவிரிப் படுகையின் தென்கிழக்குக் கோடியில், முள்ளியாறு தன் நீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுக் கடலை நோக்கி மெலிந்து நடக்கும் இடத்தில், மன்னார்குடியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் சாலைகள் வந்து கூடுகின்ற திருத்துறைப்பூண்டியைப் பற்றிச் சரித்திரம் எழுதப் புகுகிறவர்கள், பிறவி மருந்தீசர் ஆலயத்தையும், ஜில்லா போர்டார் போட்ட ரயில் பாதையையும், விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய பி. சீனிவாசராவ் அவர்களின் நினைவையும் மறவாமல் எழுதுவார்கள், அது நியாயமே. ஆனால் இத்தனை சாலைகள் கூடுகிற ஊரில் வண்டிகளும் கூடும். வண்டிகள் கூடுகிற இடத்தில் அவற்றின் நோயை அறிந்து தீர்க்கிறவர்களும் இருந்தே தீரவேண்டும். அப்படி இருந்தவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கார் நிறுத்தத்தை அடுத்த சிறிய கடைகளில், பாட்டரி அமிலம் பட்டுத் துளைத்துளையாய்ப் போன வேட்டியோடு உட்கார்ந்து, ஓடும் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த மோட்டார் மின்சார வேலைக்காரர்களை நான் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். அவர்கள் தொழிலின் ஒரு பகுதியை மட்டும், அதாவது சார்ஜ் ஏறாத பழைய காரின் குற்றத்தை அவர்கள் கண்டுபிடித்த முறையையும், அந்த முறை இந்தப் பிராந்தியத்துக்கு வந்து சேர்ந்த கதையையும் இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் வண்டிக்கு ஆதியில் பாட்டரி என்பது அத்தியாவசியமான பொருளாக இருக்கவில்லை. முன் விளக்குகள் கார்பைடு வாயுவில் எரிந்தன. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்க மாக்னெட்டோ என்னும் தனிக் கருவி இருந்தது. எஞ்சினைக் கிளப்புவதற்கு, முன்புறத்தில் கைப்பிடியை நுழைத்துச் சுற்றும் மனிதனுடைய தோள்வலிமை இருந்தது. 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் ஏற்பாட்டை அமைத்த பிறகே பாட்டரி வண்டியின் நிரந்தர அங்கமாயிற்று. அதிலிருந்து எடுத்த சக்தியைத் திரும்பவும் அதில் நிரப்புகிற கடமை டைனமோவுக்கு வந்தது. டைனமோவோ அதற்கு வெகு காலம் முன்பே பிறந்துவிட்ட யந்திரம். தன் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்பக் காந்தத்தையே விதையாகக் கொண்டு, சுழலச் சுழல அந்தக் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொண்டு மின்சாரம் தருகிற அதன் தத்துவத்தை, 1866, 1867-ஆம் வருஷங்களில் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸும் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டனும் சாமுவேல் வார்லியும் தனித்தனியே கண்டார்கள்.

கார் வருவதற்கு முன்பே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டைனமோவின் குணத்தை ஒருவாறு அறிந்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போட்ட ரயில் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. பின்னாளில் நம் நாட்டு ரயில் பெட்டிகளில் மின்விளக்கு வந்தபோது, பெட்டியின் அடியில் சக்கர அச்சிலிருந்து ஒரு பெல்ட் டைனமோவைச் சுழற்ற, அந்த டைனமோ பக்கத்திலிருந்த பாட்டரிகளை நிரப்ப, வண்டி நின்றபோது பாட்டரியும் ஓடியபோது டைனமோவும் விளக்கெரித்தன. பாட்டரி மூப்படைந்த பெட்டியில், ஸ்டேஷனில் வண்டி நின்றவுடன் விளக்கு மங்கிச் சிவந்து, மறுபடி புறப்பட்டு வேகம் பிடித்ததும் பிரகாசிக்கும். ஓட்டத்துக்கும் ஒளிக்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு பையன் கற்றுக்கொள்ள இதைக் காட்டிலும் நல்ல பள்ளிக்கூடம் வேறு எது?

தொழில் என்ற முறையில் இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் பஸ்களோடு வந்தது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரைச் சீமையில் பஸ் விட்டார், ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை வண்டியோடு தொடங்கினார். தஞ்சை ஜில்லாவில் கும்பகோணம் பஸ் முதலாளிகளின் நகரமாயிற்று. ராமன் அண்டு ராமன், ஸ்ரீ ராம விலாஸ் முதலிய கம்பெனிகள் வழித்தட அனுமதிகளுக்காக உச்ச நீதிமன்றம் வரையில் சென்று வழக்காடிய காலம் ஒன்று உண்டு. இக்கம்பெனிகளின் பட்டறைகள், மெக்கானிக், பற்றவைப்பவர், கொல்லர், மின்சாரக்காரர் என்று தொழிலாளிகளைத் தரம் பிரித்துப் பழக்கின. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பஸ்ஸின் முதுகில் கரிவாயு அடுப்பைக் கட்டி ஓட்டிய நாட்களில், புது உதிரிப் பாகம் என்ற பேச்சே இல்லாதிருந்தபடியால், இருப்பதைப் பழுது பார்க்கும் சாமர்த்தியமே பிழைப்பாயிற்று. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. அதற்கு முன்பும் பின்பும், அப்படிப் பழகிய கைகளில் சில, கம்பெனியை விட்டு வெளியேறிச் சிற்றூர்களில் சொந்தமாகக் கடை போட்டன. பலகையில் 'ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்ஸ்' என்று எழுதியிருக்கும். ஜனங்கள் 'பாட்டரிக் கடை' என்றே சொல்வார்கள்.

அந்தக் கடைகளுக்கு வந்த கார்கள் பெரும்பாலும் ஆங்கிலேயப் பிறப்பு. 1942-இல் தோன்றிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனம், வங்காளத்து உத்தரபாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அச்சிலே 1957 முதல் அம்பாஸடரைச் செய்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார்கள் பிறந்தன. பம்பாயிலிருந்து பியட் வந்தது. ஆங்கிலேய வண்டி என்றால் அதன் மின்சாரச் சாமான்கள் பெரும்பாலும் பர்மிங்காம் நகரத்து ஜோசப் லூகாஸ் கம்பெனியாருடையவை. விளக்கு விற்பதில் ஆரம்பித்த அந்தக் கம்பெனி, 1930-களின் நடுவில், பாட்டரியின் நிலைமையறிந்து சார்ஜைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு டைனமோவில் மூன்றாவது பிரஷ் ஒன்று இருந்தது. அது பாட்டரி நிறைந்ததா காலியா என்று பாராமல் ஒரே அளவாய் ஊட்டிக்கொண்டிருந்தபடியால், ஓட்டுகிறவரே கோடைக்கு அரைச் சார்ஜ் என்றும் குளிர்காலத்துக்கு முழுச் சார்ஜ் என்றும் சுவிட்சைத் திருப்பிவைக்க வேண்டியிருந்தது. புதிய பெட்டியில் இரண்டு காந்தச் சுருள்கள்: ஒன்று ரெகுலேட்டர், மற்றொன்று கட்-அவுட். நம்மவர்கள் முழுப் பெட்டியையுமே 'கட்-அவுட்' என்று அழைத்தார்கள்.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணிக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டு இறக்குமதி இறுகியது. புது ஆர்மேச்சர் வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், அல்லது பழையதைக் கட்ட வேண்டும். 1961-இல் லூகாஸும் டி.வி.எஸ். குடும்பத்தாரும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். ஸ்தாபனத்தை ஏற்படுத்திச் சென்னை பாடியில் தொழிற்சாலை நிறுவிய பின்பு சாமான் நம் நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கிற்று என்றாலும், கட்டுகிற வழக்கம் போகவில்லை. எரிந்த செப்புக் கம்பியை எடைக்குப் போட்டுவிட்டு, எனாமல் பூசிய புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் உலர்த்தி, தேய்ந்த கம்யூட்டேட்டரைக் கடைசல் பிடித்து, அதன் செப்புப் பாளங்களுக்கு நடுவிலுள்ள மைக்காவை, பல்லின் பக்கவாட்டைச் சாணை பிடித்த ஹாக்ஸா பிளேடால் ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஆழத்துக்குக் கீறி எடுப்பார்கள். அந்தக் கீறலின் ஒழுங்கைப் பார்த்தே எந்தக் கடையில் செய்த வேலை என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் உபகரணத்தின் கதை. இனி, அந்த உபகரணத்துக்கும் எங்கள் பிராந்தியத்தின் வாழ்க்கைக்கும் இருந்த ஒவ்வாமையைச் சொல்லவேண்டும். நோய்கள் பெருகியதற்கு அதுவே காரணம்.

டைனமோ நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்று சுற்றினாலன்றிப் பாட்டரிக்கு ஒன்றும் தராது. சும்மா ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் அந்த வேகத்தை அதற்குக் கொடுப்பதில்லை. அக்காலத்துச் சாதாரண லூகாஸ் டைனமோவின் முழுச் சக்தி 19 ஆம்பியர். அதுவும் சுமார் இரண்டாயிரம் சுற்றுக்கு மேலேதான். இரவில் இரண்டு முன்விளக்குகள் ஏறக்குறைய ஏழு ஆம்பியரையும், பக்க விளக்கும் பின்விளக்கும் இரண்டையும், இக்னிஷன் காயில் மூன்று நான்கையும், மழைக்கு வைப்பர் மேலும் இரண்டையும் எடுத்துக்கொண்டால், வரவுக்கும் செலவுக்கும் இடையில் மிஞ்சுவது சொற்பம். இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் நாற்பது ஐம்பது மைல் வேகத்தில் ஓடுவதற்கென்று கணக்கிடப்பட்ட அந்தப் பொருள், வைக்கோல் பரப்பிய தார்ச்சாலையிலும், ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய ஆற்றுப் பாலத்திலும், நெல் மூட்டை வண்டிகள் வரிசையாகப் போகும் அறுவடைக் காலத்து இரவிலும் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்தால், பாட்டரி இறங்காமல் என்ன செய்யும்?

இதற்கெல்லாம் சிகரமாக இருந்தது மாப்பிள்ளை அழைப்பு. தஞ்சை ஜில்லாவில் ஜானவாசம் என்றும் மாப்பிள்ளை அழைப்பு என்றும் சொல்லப்படும் அந்த ஊர்வலத்தில், மல்லிகைச் சரம் தொங்கும் காரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, முன்னே நாகஸ்வரமும் தவிலும், இருமருங்கும் தலையில் பெட்ரோமாக்ஸ் சுமந்தவர்களும் போக, ராகம் விரிகிற வேகத்துக்கு ஏற்பக் கார் நகரும். முச்சந்தியில் வித்துவான் நின்றுவிட்டால் காரும் நிற்கும். முன்விளக்கும், கண்ணாடியைச் சுற்றிய வண்ண விளக்குச் சரமும் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் இப்படி ஊர்ந்த வண்டியின் எஞ்சின் கல்யாண வீட்டு வாசலில் அணைந்துவிட்டால், மறுபடி கிளம்ப நாலு பேர் தள்ளவேண்டும். முகூர்த்த மாதங்களில் பாட்டரிக் கடைக்கு விடியற்காலையிலேயே வண்டி வந்து நிற்பதன் இரகசியம் இதுதான். தேர்தல் காலத்திலும் அப்படியே. ஒலிபெருக்கியைக் கூரையில் கட்டிக்கொண்டு, காரின் பாட்டரியிலேயே பெருக்கியை ஓட்டி, தெருத்தெருவாக ஊர்ந்த வண்டிகள் சாயங்காலத்துக்குள் சோர்ந்துவிடும். இவை யந்திரத்தின் குற்றம் அல்ல, உபயோகத்தின் விளைவு. நல்ல வேலைக்காரர் முதலில் இந்த இரண்டையும் வேறு பிரித்தறிவார். கல்யாணத்துக்குப் போய் வந்த வண்டியைத் திறந்து டைனமோவைக் கழற்றினவர் வாடிக்கைக்காரருக்குத் தீங்கு செய்தார் என்றே நான் சொல்வேன்.

ஆகவே பரீட்சை கேள்வியில் ஆரம்பித்தது. வண்டி நேற்று எங்கே போயிற்று, எவ்வளவு நேரம் விளக்கு எரிந்தது, சமீபத்தில் பாட்டரியை யாராவது மாற்றினார்களா என்று கேட்டறிவார்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். அக்காலத்து ஆங்கிலேய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்க்கப்பட்டிருந்தது. அறியாதவர் அதை மாற்றிப் பூட்டினால், டைனமோவின் விதைக் காந்தமும் பாட்டரியும் ஒன்றுக்கொன்று எதிராகிவிடும். வெகு நாள் ஓடாமல் கிடந்த வண்டியிலோ அந்த விதையே அழிந்துபோவதும் உண்டு. 'காந்தம் செத்துப்போச்சு' என்பார்கள். பாட்டரியின் உயிர்க் கம்பியை டைனமோவின் சிறிய முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் காந்தம் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு கணத்தின் அளவு கைக்குத்தான் தெரியும்.

கேள்வி முடிந்த பிறகு பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்குச் சற்று மேலே அமுங்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் அது வழுக்குகிறது. பிறகு பாட்டரியின் முனைகள். வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, வாஸலைன் தடவிப் பூட்டுவது கடைப்பையனின் வேலை. பிறகு அமிலத்தின் அடர்த்தி. இந்த இடத்தில் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு நுட்பம் உண்டு: லூகாஸ் கையேடுகளே, 80 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேற்பட்ட உஷ்ணம் சாதாரணமாக உள்ள தேசங்களில் நிறைந்த பாட்டரியின் அடர்த்தி 1.210 முதல் 1.230 வரை இருந்தால் போதும் என்றும், குளிர்ந்த தேசங்களுக்கே 1.270 முதல் 1.290 என்றும் விதித்திருந்தன. இதை அறியாமல் சீமைக் கணக்குக்கு அமிலத்தை ஏற்றியவர்கள் பாட்டரியின் தகடுகளை வேகமாக அரித்துக் கெடுத்தார்கள்.

பெல்ட்டும் பாட்டரியும் குற்றமற்றவை என்று தேறிய பின்பே டைனமோ. அதன் பின்புறத்தில் பெரியதும் சிறியதுமாக இரண்டு முனைகள்: பெரியது டி, ஆர்மேச்சரினுடையது, சிறியது எஃப், ஃபீல்டு காயிலினுடையது. பெட்டியிலிருந்து வரும் மஞ்சள் கம்பி பெரியதற்கும், பச்சைக் கோடிட்ட மஞ்சள் கம்பி சிறியதற்கும். துணியுறை போட்ட கம்பிகள் எங்கள் வெயிலில் எல்லாம் ஒரே மண்ணிறமாக மங்கிவிட்டபடியால், நிறத்தை நம்பாமல் தொடர்ந்து பிடித்துப் பார்ப்பார்கள். இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் சிறு கம்பித்துண்டால் ஒன்றாய்ப் பிணைத்து, அந்தப் பிணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே வோல்ட்மானியை வைத்து எஞ்சினை மெல்லக் கூட்டினால், முள் தடையின்றி ஏறவேண்டும். முள் அசையாவிட்டால் பிரஷ்ஷைப் பார்; ஒரு வோல்ட் மட்டில் நின்றால் ஃபீல்டு காயிலைச் சந்தேகி; நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரைச் சந்தேகி. எஞ்சினை மட்டும் ஆயிரம் சுற்றுக்கு மேலே விரட்டாதே. கட்டுப்பாடில்லாத டைனமோ தன் வோல்ட்டேஜாலேயே தன்னை எரித்துக்கொள்ளும். வோல்ட்மானி வாங்க வசதியில்லாத கடைகளில் அதன் ஸ்தானத்தை ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு வகித்தது. பல்பின் இழை சிவப்பாய்க் கனிகிறதா, மஞ்சளாய் எரிகிறதா, வெளுத்துக் கூசுகிறதா என்பதைக்கொண்டே அவர்கள் எண்களைச் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம், கடைசியில்தான் கட்-அவுட்டின் மூடியைத் திறக்கலாம் என்பது நல்ல கடைகளின் கட்டளை. அரைகுறை வேலைக்காரர் முதலில் கை வைக்கிற இடம் அதுவாகவே இருக்கும். உள்ளேயுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் திருகி, பாயிண்டை உப்புக் காகிதத்தால் தேய்த்து, முன்பலகையில் சார்ஜ் ஏறாததைக் காட்டுகிற சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்று கூலி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். பத்து நாளில் பாட்டரி கொதித்து நீர் வற்றிவிடும். கம்பியை வண்டியின் உடலில் உரசிப் பொறி பறக்கிறதா என்று பார்ப்பதும் அப்படிப்பட்ட பழக்கம். அதில் தெரிகிற உண்மை சொற்பம்; விளையக்கூடிய கேடோ அதிகம்.

இந்த முறையின் முழு மதிப்பையும் நான் உணர்ந்தது 1968-ஆம் வருஷத்து ஐப்பசியில். என் தாய்மாமனிடம் ஓர் அம்பாஸடர் மார்க்-2 இருந்தது. அதில் சார்ஜ் ஏறவில்லையென்று வேறோர் ஊர்ப் பட்டறையில் ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை டைனமோவை மாற்றியிருந்தார்கள். இரண்டும் கருகிப்போயிருந்தன என்று சொன்னார்கள். வேதாரண்யத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கரியாப்பட்டினம் தாண்டுவதற்குள் முன்விளக்கு மஞ்சளித்து, வைப்பர் பாதிக் கண்ணாடியில் தயங்கித் தயங்கி நின்றது. முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா பக்க விளக்கோடு, சாலையோரத்துப் புளிய மரங்களை அடையாளம் வைத்துக்கொண்டு, திருத்துறைப்பூண்டி வந்து சேர்ந்தார்.

கடையைச் சாத்திக்கொண்டிருந்த பெரியவர் எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, மூடியைத் திறக்காமலே கேட்டார்:

"இந்தச் செவப்பு வெளக்கு எப்பங்க எரியுது? வண்டி நிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

"ரெண்டுலயுந்தான் எரியுது" என்றார் மாமா.

"நடுவுல எப்பவாச்சும் அணையுதுங்களா?"

மாமாவுக்குத் தெரியவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து வழியெல்லாம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்த நான், "கொஞ்சம் வேகம் எடுத்தா அணையுது; இன்னும் வேகமாப் போனா மறுபடி எரியுது" என்றேன்.

"தம்பி சரியாப் பாத்திருக்கு" என்றார் அவர். டைனமோவை அவர் தொடவே இல்லை. கட்-அவுட் பெட்டியின் ஈ முனையில், அதாவது எர்த் முனையில், ஒரு கம்பித்துண்டின் நுனியை வைத்து, மறுநுனியை வண்டியின் உடலில் அழுத்தினார். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு அணைந்தது. முன்விளக்கு பளிச்சென்று வெளுத்தது. பிறகு ஈ முனையிலிருந்து உடலுக்குப் போகும் சிறு கம்பியைக் கழற்றிக் காட்டினார். அதன் வளையத்தின் அடியில் பச்சைப் பாசி பிடித்தாற்போல் உப்புக் களிம்பு படிந்திருந்தது. உப்பளத்துக் காற்று வீசும் சாலையில் நாள்தோறும் ஓடிய வண்டி அது.

அவர் அறிந்த உண்மை இதுதான். அந்தச் சிவப்பு விளக்கின் ஒரு பக்கம் பாட்டரியோடும் மறுபக்கம் டைனமோவோடும் சேர்ந்திருக்கிறது. டைனமோவின் வோல்ட்டேஜ் பாட்டரியைவிடத் தாழ்ந்திருக்கும்போது அது எரியும். இரண்டும் சமமாகும்போது அணையும். இது எல்லோரும் அறிந்தது. ஆனால் டைனமோ பாட்டரியைக் காட்டிலும் வெகுவாக உயர்ந்து, அவ்விரண்டையும் சேர்க்கிற கட்-அவுட்டும் மூடாதிருந்தால், அப்போதும் வித்தியாசம் ஏற்படுகிறபடியால் விளக்கு மறுபடி எரியும். ஆகவே நடுவில் அணைந்து பின்பு எரிகிற விளக்கு, டைனமோ உயிரோடிருக்கிறது, பாதையே அடைபட்டிருக்கிறது என்று சொல்கிறது. கட்-அவுட்டை இழுக்கிற சுருளும் ரெகுலேட்டரை இழுக்கிற சுருளும் ஈ முனையின் வழியாகவே உடலைச் சேர்கின்றன. அந்த எர்த் அற்றுப்போனால் கட்-அவுட் மூடாது, பாட்டரிக்குச் சார்ஜ் போகாது. ரெகுலேட்டரும் வேலை செய்யாது, டைனமோவின் வோல்ட்டேஜ் அணை உடைந்த வெள்ளம்போல் ஏறும். முந்தைய இரண்டு டைனமோக்களும் கருகியதற்குக் காரணமும் அதுவே. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பதைத் தர்க்க சாஸ்திரத்தில் உதாரணமாகச் சொல்வார்கள். ஒரு பல்பு அணைந்து எரிவதைக் கண்டு, கண்ணுக்கு மறைந்த களிம்பை அனுமானித்த அந்தப் பெரியவர் தர்க்கம் படித்தவர் அல்லர். அவர் வாங்கிய கூலி இரண்டு ரூபாய். "ஃபீல்டு கொஞ்சம் காஞ்சிருக்கும், ஒரு வாரம் கழிச்சுக் கொண்டாங்க, பாத்துடலாம்" என்று சொல்லியனுப்பினார். வண்டி அதே டைனமோவோடு பல வருஷம் ஓடியது.

பின்னால் வந்த மாறுதலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிலிக்கான் டயோடு மலிவான பிறகு, 1960-இல் அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியார் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ச் சாலைகளில் அதைப் பரவலாகக் கொண்டுவந்து சேர்த்தது, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுத்தது; ஊர்வலத்தில் நின்ற காரையும் சோரவிடாமல் காத்தது. அது டைனமோவைவிட மேலான யந்திரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொறி பார்க்கிற பழைய பழக்கம் அதன் டயோடுகளைக் கொன்றது; அளவுமானி இல்லாமல் அதை அணுக முடியவில்லை; குற்றம் கண்டால் முழுவதையும் கழற்றி வேறொன்று பூட்டுவதே வழக்கமாயிற்று. அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. திருத்துறைப்பூண்டிக் கடைகளில் சிலவற்றின் பலகை இறங்கியது. சில, இன்வர்ட்டர் பாட்டரிக் கடைகளாயின.

ஆனாலும் அந்த ஞானம் வீண்போகவில்லை என்பதை 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் காட்டியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தபோது, டிராக்டரின் பாட்டரியிலும் காரின் பாட்டரியிலும் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றி, எஞ்சினை எவ்வளவு நேரம் ஓடவிட்டால் எடுத்தது திரும்பும் என்று கணக்குச் சொல்லக்கூடியவர்களைத் தேடிப் போகவேண்டியதாயிற்று. அந்தக் கணக்கு பழைய கடைகளில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடமாயிருந்தது.

டைனமோ பூட்டிய பழைய கார் இன்னும் யாரிடமாவது இருந்தால், அதிலும் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இருந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஈ முனைக் கம்பியை வருஷத்துக்கு ஒரு முறை, பாட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு, அவிழ்த்துத் துடைத்துப் பூட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். சார்ஜ் ஏறவில்லையென்றால் டைனமோவைக் கழற்றவிடாமல், முதலில் சிவப்பு விளக்கு எந்த வேகத்தில் எரிகிறது, எந்த வேகத்தில் அணைகிறது என்பதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ நாகையிலோ, ஆர்மேச்சர் கட்டிய கைகளோடு முதுமையடைந்திருக்கிற ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், அவர் பக்கத்தில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, அவர் குற்றம் கண்டுபிடித்த வண்டிகளின் கதையை அவர் சொல்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எனக்கு அந்த எர்த் கம்பியைக் காட்டிய பெரியவரிடம் நான் அப்படி எழுதி வாங்கவில்லை. அவர் இறந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.